தண்ணீர் விட்ட பிறகு மீன் தத்தளிக்கிறதா? தோட்டத் தொட்டியில் குளோரினைப் பிடிப்பதும் முறிப்பதும்

மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்றதும் எல்லாரும் மீனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன். தொட்டியில் கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள், அதிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து மீன் மாறியது என்ற கணக்கு தெரிந்தால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். குளோரின் நிமிடங்களில் தாக்கும். ஆக்சிஜன் குறைவு விடியற்காலையில் தெரியும். அம்மோனியா இரண்டு மூன்று நாள் பொறுத்து வரும். புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு வாரக்கணக்கில் விடாது. நான்கிலும் மீன் படும் பாடு ஏறக்குறைய ஒன்றுதான். நாம் செய்ய வேண்டியதுதான் வேறு வேறு.

கணக்குக்கு என் தொட்டியையே எடுத்துக்கொள்கிறேன். சென்னைப் புறநகரில் வீட்டின் பின்புறம் கட்டியது. 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி தண்ணீர். பெருக்கினால் 48 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 1,360 லிட்டர். உங்கள் தொட்டி வட்டமாக இருந்தால் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள், கன அடி வந்துவிடும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுத் தொட்டிச் சுவரிலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள். அவசரத்தில் யாருக்கும் பெருக்கல் வராது.

தண்ணீர் விட்ட ஒரு மணி நேரத்துக்குள் மீன் தத்தளிக்கிறது

இது குளோரின். சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் முறியுங்கள், பிறகு சோதியுங்கள்.

பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஒரு தொலைபேசி அழைப்புக்கு உள்ளே போனேன். நான்கு விரல் குறைந்திருந்த தண்ணீரை நிரப்பத்தான் போட்டது. பேசி முடித்து வந்தபோது தொட்டி விளிம்பு வரை வந்து வழிந்துகொண்டிருந்தது. குழாய் முனைக்கு எதிர்மூலையில், அல்லி இலைகளுக்கு அடியில், தங்கமீன்கள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கி நின்றன. வழக்கமாக என் நிழல் விழுந்தாலே தீனிக்கு ஓடிவருகிறவை. அவற்றில் ஒன்று மட்டும் திடீர் திடீரென்று அம்பு போலப் பாய்ந்து சுவரில் உரசித் திரும்பியது. அதைக் கையில் ஏந்திப் பார்த்தபோது செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நல்ல இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இதழ்கள் வெளிறி, மேலே மூக்குச்சளி போல ஒரு படலம். வால் துடுப்பில் மெல்லிய சிவப்புக் கோடுகள். அன்று மாலைக்குள் மூன்று போயின. மறுநாள் இன்னும் இரண்டு.

மறுநாள் போனவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தண்ணீரில் குளோரின் தீர்ந்துபோன பிறகும் மீன் சாகும். குளோரின் செவுளின் மெல்லிய தோலைத் தின்றுவிடுகிறது. அது மறுபடி வளர நாட்கள் ஆகும். அதுவரை மீன் பாதி நுரையீரலோடு ஓடுகிற மனிதனைப் போலத்தான். அதனால் முறித்து முடித்த பிறகும் ஏர் பம்ப் இரண்டு நாளாவது ஓட வேண்டும்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். குழாயை மூடுங்கள். குளோரினை முறிக்கிற மருந்தான ஹைப்போவின் கரைசல் இருந்தால் முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு (கணக்கு கீழே வருகிறது) ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தொட்டி முழுக்கப் பரவும்படி ஊற்றுங்கள். வேலை நொடிகளில் முடிந்துவிடும். ஏர் பம்ப் இல்லையென்றால் வாளியால் தொட்டித் தண்ணீரையே மொண்டு தோளுயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அரை மணி நேரம் கை வலிக்கும், பரவாயில்லை. தொட்டிக்கு நிழல் கொடுங்கள். இன்றைக்குத் தீனி கிடையாது. மிக முக்கியமாக, “கெட்ட தண்ணீரை மாற்றிவிடுகிறேன்” என்று அதே குழாயிலிருந்து புதுத் தண்ணீர் விடாதீர்கள். பதற்றத்தில் நிறையப் பேர் செய்கிற தவறு இது. தப்பித்திருக்க வேண்டிய மீனும் இதில்தான் போகிறது.

ஹைப்போ இல்லையா? மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புங்கள். வைட்டமின் சி குளோரினை முறிக்கும். 1 மில்லிகிராம் குளோரினுக்கு 2.5 மில்லிகிராம் வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 200 மில்லிகிராம் குளோரினுக்குப் போதும். என் தொட்டியில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் சேர்ந்திருந்தால் மொத்தம் 680 மில்லிகிராம், ஆக நான்கு மாத்திரை. பொடித்துக் கரைத்து ஊற்ற வேண்டும். ஆரஞ்சுச் சுவை போட்ட சப்பும் மாத்திரையில் சர்க்கரையும் நிறமும் இருக்கும். உயிர் போகிற நேரத்தில் அதையும் பார்க்காதீர்கள். ஆனால் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் நாம் குடிக்கிறோமே, மீனுக்கு மட்டும் ஏன்?

இது அறிகுறி அல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் என்னிடம் வருகிற கேள்வி. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 10500, தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. வழியில் குழாய் ஓட்டையில் சாக்கடை கலந்தாலும் கிருமி பிழைக்கக் கூடாது என்பதற்காக. மீனுக்கோ 0.02 மில்லிகிராமே தொல்லை. அதாவது நமக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு என்று வைத்திருப்பதே மீனுக்குப் பத்து மடங்கு அதிகம். நாம் குடிக்கும் குளோரின் வயிற்றில் உணவோடு சேர்ந்து செயலிழக்கிறது. மீனுக்கு அது நேரே செவுள் வழியாக இரத்தத்தைத் தொடுகிறது.

இன்னொன்று. தெருவில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்கு வருகிற குளோரினும் கடைக்கோடி வீட்டுக்கு வருகிற குளோரினும் ஒன்றல்ல. “நான் பத்து வருடமாக நேரே குழாயில்தான் விடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று ஒருவர் சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர் வீடு எங்கே என்று கேளுங்கள். தொட்டியையும் கேளுங்கள். பாசி பிடித்து, அடியில் சேறு படிந்த பழைய தொட்டி, வரும் குளோரினில் பெரும்பகுதியைத் தானே தின்றுவிடும். பளிச்சென்று கழுவி வைத்த தொட்டியில் குளோரினுக்குத் தின்னக் கிடைப்பது மீன் மட்டும்தான். தொட்டியைச் சுத்தம் செய்த மறுநாள் மீன் சாவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

விடியற்காலையில் மட்டும் மேலே வந்து நிற்கிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது

குளோரின் அல்ல. தண்ணீர் பச்சையாக இருக்கிறதா பாருங்கள். பகலில் ஆக்சிஜன் தருகிற பாசி இரவெல்லாம் அதையே இழுத்துக்கொள்கிறது. வெப்பம் கூடினால் தண்ணீர் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் தாங்கும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 30 டிகிரியில் 7.5 மட்டும். சித்திரை வெயிலில் சூடேறிய தொட்டியில் இரவு நேரத்தில் ஏர் பம்ப் ஓட்டுங்கள், மீனின் எண்ணிக்கையைக் குறையுங்கள், மாலைத் தீனியை நிறுத்துங்கள். ஹைப்போ இங்கே ஒன்றும் செய்யாது.

இரண்டு நாள் பிடித்து வைத்த தண்ணீர்தான் விட்டேன், அப்படியும் மீன் தத்தளிக்கிறது

எதில் பிடித்து வைத்தீர்கள்? மூடி போட்ட கறுப்பு மாடித் தொட்டியில் என்றால் இரண்டு நாள் அல்ல, நான்கு நாள் ஆனாலும் குளோரின் அப்படியே கணிசமாக இருக்கலாம். குளோரின் தானாக “ஆவியாகிவிடும்” என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நம் தண்ணீரில் அதை அதிகம் அழிப்பது வெயில்தான், அடுத்தது காற்றுப் படுவது. இரண்டும் இல்லாத இடத்தில் அது எங்கே போகும்?

வாய் அகன்ற, ஆழம் குறைந்த பாத்திரம் வேண்டும். பழைய அண்டா, பிளாஸ்டிக் டப், கல்யாண வீட்டுக் குண்டான் எதுவானாலும் சரி. நண்பகல் வெயிலில் வைத்து அவ்வப்போது கலக்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். நிழலில், ஏர் பம்பில் குமிழி விடும் கல்லை (ஏர் ஸ்டோன்) ஓட்டி வைத்தால் ஒரு நாள் கணக்கு வையுங்கள். 200 லிட்டர் டிரம்மில், சும்மா வைத்தால், இரண்டு மூன்று நாள் வைத்தும் சோதனை செய்யாமல் விடாதீர்கள். மழைக்கால மேகமூட்டத்தில் வெயில் கணக்கெல்லாம் செல்லாது.

மூக்கை நம்ப வேண்டாம். வாடை வரவில்லை என்பதால் குளோரின் இல்லை என்று ஆகிவிடாது. மீனைக் கொல்லும் அளவு நம் மூக்குக்கு எட்டாத அளவு.

திறந்து வைக்கிற தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் இரண்டு நாளில் பயன்படுத்திவிட்டால் கவலையில்லை. ஆனால் “இருக்கட்டும், அடுத்த வாரம் விடலாம்” என்று விட்டுவிடுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. மேலே கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். வெயிலும் காற்றும் அதற்குள் நன்றாகவே போகும்.

மருந்து ஊற்றிவிட்டுத்தான் தண்ணீர் விட்டேன், பலிக்கவில்லை

பெரும்பாலும் அளவுதான் காரணம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கிற சிறு பாட்டில்களானாலும் வேறு எங்கே வாங்கினாலும் மருந்து அநேகமாக ஒன்றேதான்: சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் படத்தை நிலைக்கச் செய்யப் பயன்படுத்திய அதே ஹைப்போ. வெள்ளி உப்பை இது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டது 1819-இல். இருட்டறைகள் போய்விட்ட பிறகும் மீன்காரர்களிடம் பெயர் நின்றுவிட்டது. பாட்டிலாக வாங்குவதைவிட இரசாயனக் கடையில் கிலோவாக வாங்குவது பல மடங்கு மலிவு. பார்க்கக் கற்கண்டு போலவே இருக்கும், அதனால் சமையலறையில் வைக்காதீர்கள்.

கரைசல் செய்வது எளிது. 100 கிராம் படிகத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, பிறகு மொத்தம் 1 லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேருங்கள். (படிகமாக இல்லாமல் நீரற்ற வெள்ளைத் தூளாகக் கிடைத்தால் 64 கிராம் போதும்.) 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் ஹைப்போ என்பது பாதுகாப்பான கணக்கு. இந்தக் கரைசலில் 1 மில்லிலிட்டர் ஏறக்குறைய 14 மில்லிகிராம் குளோரினை முறிக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 200 லிட்டர் டிரம்முக்கு 14 மில்லிலிட்டர். என் 1,360 லிட்டர் தொட்டி முழுமைக்கும் 100 மில்லிலிட்டர். இரண்டு மடங்கு போய்விட்டாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. குறைவதுதான் ஆபத்து.

டிரம்மில் பிடித்து முறித்துவிட்டு ஊற்றுவதே நல்லது. நேரே தொட்டிக்குள் குழாய் விட வேண்டியிருந்தால், சேர்க்கும் தண்ணீருக்கு மட்டும் கணக்கிடாமல், தொட்டி முழுமைக்குமான மருந்தை முதலில் ஊற்றிக் கலக்கிவிட்டுக் குழாயைத் திறங்கள். குழாய் முனைக்குப் பக்கத்தில் வருகிற மீனுக்கு அப்போதுதான் பாதுகாப்பு.

அளவு சரியாகவே இருந்தும் பலிக்கவில்லையென்றால் கரைசல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பால் போலக் கலங்கியிருந்தால், அடியில் வெளிர்மஞ்சளாக ஏதாவது படிந்திருந்தால், ஹைப்போ சிதைந்து கந்தகம் பிரிந்திருக்கிறது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். நிறப் பாட்டிலில், நிழலில், மாதக்கணக்காக வைக்காமல் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது காரணம் தண்ணீர் லாரி. பாட்டில் மேல் எழுதியிருக்கிற சொட்டுக் கணக்கு சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கானது. லாரியிலோ அடுக்குமாடியின் நிலத்தடிச் சம்பிலோ பிளீச்சிங் பவுடரை யாரும் எடை பார்த்துப் போடுவதில்லை. புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். 5,000 லிட்டர் சம்பில் 50 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, போட்டால் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிவிடும். சம்ப் கழுவும் நாளை வீட்டில் யாராவது மீன் வளர்க்கிறவருக்குச் சொல்லிவைக்க வேண்டும். என் வீட்டில் இப்போது சொல்லிவைக்கிறார்கள், அந்த ஐந்து மீனுக்குப் பிறகு.

சோதனையில் நிறமே வரவில்லை, ஆனால் மீன் போகிறது

சோதனைச் சொட்டு இரண்டு வகை. ஆர்த்தோடாலிடின் என்றால் குளோரின் இருக்கும்போது மஞ்சள் வரும். உள்ளாட்சி ஊழியர்கள் தெருக் குழாயில் குளோரோஸ்கோப் வைத்துப் பார்ப்பது இந்த மஞ்சளைத்தான். டி.பி.டி. என்றால் இளஞ்சிவப்பு. இரண்டையும் வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பக்கவாட்டில் அல்லாமல் மேலிருந்து கீழாகப் பாருங்கள். மெல்லிய நிறம் அப்படித்தான் தெரியும். ஆர்த்தோடாலிடின் நச்சுப் பொருள். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கையைக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

டி.பி.டி.யில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக, லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் இருந்தால், வந்த சிவப்பையே அது வெளுத்துவிடும். பார்க்கிறவருக்குத் தெளிந்த தண்ணீர் போலத் தெரியும். துளி விழுந்த கணத்தில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றி மறைந்தால் இதுதான். பிடித்து வைத்த மழைநீரில் பத்தில் ஒன்றாகக் கலந்து மறுபடி சோதியுங்கள், வருகிற அளவைப் பத்தால் பெருக்குங்கள்.

மஞ்சளோ சிவப்போ உடனே வராமல் ஐந்து நிமிடத்தில் மெல்ல ஏறினால் அது தனிக் குளோரின் அல்ல, அம்மோனியாவோடு சேர்ந்த குளோராமைன். சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அங்கே குழாய்த் தண்ணீரைக் காப்பதே குளோராமைன்தான். வெயிலில் வைத்தால் போய்விடும் என்ற கணக்கு அதற்குப் பொருந்தாது. நம்மூரில் பொதுவாகக் குளோரின்தான் போடுகிறார்கள். ஆனால் மூலத் தண்ணீரிலேயே அம்மோனியா கலந்திருந்தால், போடாமலேயே குளோராமைன் உண்டாகிவிடும். ஹைப்போ அதையும் உடைக்கும். உடைத்த பிறகு அம்மோனியா மிஞ்சும். அளவு சிறியதுதான், ஓடிப் பழகிய வடிகட்டி இருந்தால் அது பார்த்துக்கொள்ளும்.

எந்தச் சொட்டுக்கும் நிறம் வராமல், நீங்கள் சோதித்ததே தண்ணீர் விட்டு ஆறு மணி நேரம் கழித்து என்றால், அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. தொட்டியைச் சோதிக்காதீர்கள். குழாயைச் சோதியுங்கள்.

தண்ணீர் மாற்றி மூன்று நாள் நன்றாக இருந்தது, இப்போது சோர்ந்து கிடக்கிறது

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். குளோரின் வந்து போய்விட்டது, ஆனால் போகிற வழியில் வேறொன்றைக் கொன்றுவிட்டது. அன்று வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் குழாய்க்கு அடியில் பிடித்துப் பிழிந்து பளிச்சென்று கழுவினீர்களா? அதில் வழவழப்பாக இருந்த பழுப்பு அழுக்கு வெறும் அழுக்கல்ல. மீனின் கழிவான அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருந்தன. கிருமியைக் கொல்லவே போட்ட குளோரினுக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது.

அவை திரும்பக் குடியேற வாரங்கள் ஆகும். அதுவரை அம்மோனியா ஏறும். பி.எச். அளவையும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடு, அதற்கு மேல் காரம்) பாருங்கள், ஏனென்றால் ஒரே அளவு அம்மோனியா ஒரு தொட்டியில் ஒன்றும் செய்யாது, இன்னொன்றில் கொல்லும். 30 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 என்றால் 7.5 சதவீதம். 9 என்றால் 45 சதவீதம். பாசித் தொட்டியில் பி.எச். மாலையில்தான் உச்சம், எனவே மாலையில் சோதியுங்கள்.

தீனியை மூன்று நாள் நிறுத்துங்கள். ஒன்றும் ஆகாது, தங்கமீன் பசியால் சாவதில்லை, தின்றே சாகிறது. நாள்தோறும் கால் பங்குத் தண்ணீர், குளோரின் முறித்த தண்ணீராக, மாற்றுங்கள். நைட்ரைட் ஏறும் கட்டத்தில் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு உதவும், செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதை உப்பு தடுக்கிறது. என் தொட்டிக்கு அது 1.36 கிலோ. அல்லி, தாமரை இருக்கிற தொட்டியில் அதற்கு மேல் போக வேண்டாம். உப்பு ஆவியாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். குறைந்த தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் மறுபடி உப்புப் போட்டால் கடலாகிவிடும்.

இனிமேல் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு அதில் இரண்டு பிழி பிழிந்து திரும்ப வையுங்கள். அழுக்காகவே இருக்கும். இருக்கட்டும். வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி நன்றி சொல்லும்.

புதிதாகக் கட்டிய தொட்டி, எத்தனை மருந்து ஊற்றினாலும் மீன் நிற்கவில்லை

மருந்தை நிறுத்துங்கள். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பி.எச். 10, 11 வரை போகும். மீனின் மேல் சளி உரிந்தது போலத் தெரியும், கண் மங்கும். தொட்டியை நிரப்பி மூன்று நான்கு நாள் வைத்து முழுவதும் வடித்து, சுவரைத் தேய்த்து, மறுபடி நிரப்புங்கள். ஐந்தாறு முறையாவது செய்ய வேண்டும். வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊற வைப்பது நம் ஊர்ப் பழக்கம். தண்ணீர் கறுத்து நாறும், அதை வடித்துக் கழுவிவிட வேண்டும். அழுகும்போது உண்டாகிற அமிலம் சுண்ணாம்பை முறிக்கிறது. கடைசியாக நிரப்பி இரண்டு நாள் கழித்தும் பி.எச். 8.5-க்குக் கீழே நின்றால் மலிவான நான்கு கப்பி மீன் விட்டுப் பாருங்கள்.

போர் தண்ணீர்தான் விடுகிறேன், அதில் குளோரினே கிடையாதே

கிடையாதுதான், சம்பில் பிளீச்சிங் பவுடர் போடாதவரை. ஆழத்திலிருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜனும் கிடையாது. அரை நாள் காற்றுப் படட்டும். விட்ட தண்ணீர் சற்று நேரத்தில் துருநிறமாக மாறினால் இரும்பு, படியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். முட்டை அழுகிய நாற்றம் வந்தால் ஏர் பம்ப் போடாமல் விடவே வேண்டாம்.

கரி வடிகட்டி மாட்டியிருக்கிறேன், ஆறு மாதம் நன்றாக வேலை செய்தது

கரி தீர்ந்திருக்கும், அல்லது குழாயை முழு வேகத்தில் திறந்திருப்பீர்கள். தண்ணீர் கரியோடு தங்கிப் போக வேண்டும். வடிகட்டிக்குப் பின்னால் வருகிற தண்ணீரில் ஒரு சொட்டு ஆர்த்தோடாலிடின் விட்டுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் முதலில் குழாயைக் கால் பங்காகக் குறைத்து மறுபடி பாருங்கள், அப்போதும் மஞ்சள் என்றால் கரியை மாற்றுங்கள்.

வழக்கமான அளவே ஊற்றினேன், இந்த மாதம் மட்டும் பலிக்கவில்லை

வடகிழக்குப் பருவமழை நேரமா? வெள்ளம் வந்தாலோ, வட்டாரத்தில் வயிற்றுப்போக்கு பரவினாலோ, உள்ளாட்சி குளோரினைக் கூட்டிப் போடும். போட வேண்டியதுதான். ஐப்பசி தொடங்கித் தை வரை ஒவ்வொரு முறை தண்ணீர் விடும் முன்பும் நான் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஐந்து சொட்டு ஆர்த்தோடாலிடின் விட்டுப் பார்க்கிறேன். வைக்கோல் நிறம் என்றால் வழக்கமான 14 மில்லிலிட்டர், டிரம்முக்கு. எலுமிச்சை மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சுப் பக்கம் போனால் மூன்று மடங்கு ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தில் மறுபடி பிடித்துப் பார்க்கிறேன். தேதி, நேரம், நிறம் மூன்றையும் குழாய்க்கு மேலே கயிற்றில் தொங்கும் நோட்டில் எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கியிருக்கிறான். “மாமா, இன்றைக்கு என்ன நிறம்?” என்று மதில் மேலிருந்து கேட்டுவிட்டுத்தான் அவன் தன் வாளியைத் தூக்குகிறான்.